துப்பாக்கிக்கு தனியா எத்தனை வருஷம்? ஜூரியில உட்கார்ந்த ஒரு வாசகரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுல போதைப்பொருள் கேஸ்ல துப்பாக்கியும் சேர்ந்து சிக்கினா தண்டனை மடமடன்னு ஏறும், நாமளும் அப்படி ஒரு சட்டம் போடணும்னு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய ஈ-பேப்பர்ல படிச்சேன். சட்டம் இருக்குங்கிறது உண்மைதான், ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு வரி கூட அதுல இல்ல, அதான் எழுதுறேன்.

நான் டெக்சாஸ்ல இருக்கேன். சிட்டிசன் ஆனப்புறம் ஃபெடரல் கோர்ட்ல, அதாவது மத்திய அரசு கோர்ட்ல, ஜூரி டியூட்டிக்கு கூப்பிட்டாங்க (குற்றவாளியா இல்லையான்னு பொதுஜனங்களே உட்கார்ந்து முடிவு சொல்ற வேலை), போனா இதே மாதிரி கேஸ். போதைத் தூள் சிக்கினது கிச்சன்ல, துப்பாக்கி கிடைச்சது பெட்ரூம் அலமாரியில ஷூ டப்பாவுக்குள்ள, அதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எங்க முன்னாடி தூக்கிக் காட்டுனாங்க. வீட்ல துப்பாக்கி சும்மா இருந்தா போதாது, அந்த வியாபாரத்துக்கு அது துணையா இருந்திருக்கணும், அதை மட்டும் பாருங்க, தண்டனை எவ்வளவுன்னு நீங்க யோசிக்கவே கூடாதுன்னு நீதிபதி சொல்லிட்டாரு. நாங்க 12 பேரும் ரொம்ப நேரம் பேசினோம், கடைசியில குற்றவாளின்னு சொன்னோம். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, அந்த ஷூ டப்பாவுக்கு மட்டும் குறைஞ்சது 5 வருஷம், துப்பாக்கிய எடுத்துக் காட்டி மிரட்டியிருந்தா 7, சுட்டிருந்தா 10. நம்ம ஊர் தீர்ப்புல 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்'னு போடுவாங்களே அது இதுல கிடையாது, போதை கேஸ் தண்டனைக்கு மேல தனியா ஏறும், நீதிபதியே நினைச்சாலும் குறைக்க முடியாது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இதுலயே ரொம்ப கொடுமை வெல்டன் ஆஞ்சலோஸ் கேஸ். யூட்டா மாநிலத்துல மியூசிக் பண்ணிட்டிருந்த பையன், ரெண்டு சின்னக் குழந்தைங்க. 2002ல போலீஸ் இன்ஃபார்மர்கிட்ட மூணு தடவை கஞ்சா வித்தாரு, ஒவ்வொரு தடவையும் 350 டாலருக்கு. ஒரு தடவை துப்பாக்கி கார்ல இருந்துச்சு, இன்னொரு தடவை கணுக்கால்ல கட்டியிருந்தாராம், அப்புறம் வீட்ல சோதனை போட்டப்ப சில துப்பாக்கிங்க கிடைச்சது. யாரையும் மிரட்டல, யாரையும் சுடல. முதல்ல அரசு வக்கீல், ஒத்துக்கிட்டா 15 வருஷம்னு பேரம் பேசினாங்க, இவர் மாட்டேன்னதும் சார்ஜ் மேல சார்ஜா ஏத்திட்டாங்க. அப்போ இருந்த சட்டப்படி முதல் துப்பாக்கி சார்ஜுக்கு 5 வருஷம், அதே கேஸ்ல வர்ற ரெண்டாவதுக்கு 25, மூணாவதுக்கு 25, ஆக மொத்தம் 55 வருஷம். அதுக்கு முன்னாடி ஜெயிலுக்கே போகாத 24, 25 வயசுப் பையனுக்கு!

தீர்ப்பு சொன்ன பால் கசெல் ஜார்ஜ் புஷ் நியமிச்ச நீதிபதி, குற்றவாளிங்க மேல பரிதாபப்படுற ஆள்னு பேர் எடுத்தவரே இல்ல. அவரே இது அநியாயம், கொடூரம்னு தீர்ப்புலயே எழுதினாரு. விமானம் கடத்தினவனுக்கு இதைவிட கம்மியாத்தான் வரும்னு கணக்கு போட்டுக் காட்டுனாரு, அதே நாள்ல ஒரு வயசான அம்மாவ கட்டையால அடிச்சுக் கொன்னவனுக்கு அவர் கையால குடுத்தது 22 வருஷம். ஆனாலும் 55 வருஷத்த போட்டே ஆகணும், வேற வழி இல்ல, ஜனாதிபதிதான் குறைக்கணும்னு கேட்டுக்கிட்டாரு. ஆஞ்சலோஸ் 2016லதான் வெளிய வந்தாரு, 2020 டிசம்பர்ல டிரம்ப் மன்னிப்பு குடுத்தாரு. அந்தக் குழந்தைங்க அப்பா இல்லாமயே வளர்ந்துடுச்சுங்க.

2018 டிசம்பர்ல சட்டத்தை மாத்துனாங்க, முன்னாடி ஒரு கேஸ்ல தண்டனை உறுதியாகி, அதுக்கப்புறமும் துப்பாக்கியோட அதே தப்பு பண்ணவனுக்குத்தான் இனி அந்த 25 வருஷம். நல்ல மாத்தம்தான், ஆனா அதுக்கு முன்னாடியே தண்டனை வாங்கினவங்களுக்கு இது தானா கிடைக்கல, அவங்கவங்க தனித்தனியா மனு போட்டு நிக்கணும். ஒரே தப்பு, தேதி மட்டும் வேற, அதுக்காக ஒருத்தன் இருவது வருஷம் கூட உள்ள இருக்கணும்னா அது எந்த நியாயம்னு எனக்கு புரியல.

துப்பாக்கிய வச்சுக்கிட்டு போதை விக்கிறவன சும்மா விடணும்னு நான் சொல்லவே இல்ல. நானே குற்றவாளின்னுதான் சொன்னேன், இன்னைக்கு கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். ஆனா எத்தனை வருஷம்ங்கிறத ஆளையும் கேஸையும் நேர்ல பார்த்த நீதிபதி முடிவு பண்ணணும், எத்தனை சார்ஜ் போடலாம்னு எண்ணுற அரசு வக்கீல் இல்ல. நம்ம நாட்டுலயே ஆயுதச் சட்டத்துல 27(3)னு ஒண்ணு இருந்துச்சு, தடை செஞ்ச ஆயுதத்தால உயிர் போனா கட்டாய மரண தண்டனை, நீதிபதிக்கு வேற வழியே விடலன்னு 2012ல சுப்ரீம் கோர்ட் அதை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கட்டுரை எழுதினவர் அந்தத் தீர்ப்பையும் ஒரு தடவை படிச்சுட்டு, ஆஞ்சலோஸ் கேஸையும் சேர்த்து இன்னொரு கட்டுரை எழுதணும்னு பணிவோட கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர், டெக்சாஸ்