ரங்கூன்ல பேரனுக்கு என்ன இருக்குன்னு கேட்டியே

அம்மாடி,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளைய நான் கேட்டதா சொல்லு. நேத்து போன்ல டிசம்பர் லீவுக்கு வந்தா பையனுக்கு அங்க என்னப்பா இருக்கு, ரெண்டாவது நாளே போர் அடிக்குதுன்னு அழுவான்னு சொன்னேல்ல, பதில் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு, ராத்திரி பூரா அதே யோசனையாவே இருந்துச்சு, அதான் விடிஞ்சதும் டைப் பண்ண உக்காந்துட்டேன்.

ஜூ இருக்கும்மா. சிங்கப்பூர் ஜூவ பாத்த பயலுக்கு இது பெருசா தெரியாதுதான், 2008ல புதுத் தலைநகரம் நேபிடோல புது ஜூ தொறந்தப்ப நெறைய மிருகங்கள இங்கருந்து அங்க கொண்டு போயிட்டாங்க. ஆனா இது 1906ல தொறந்த தோட்டம், அப்ப விக்டோரியா ராணி பேரு வச்சிருந்தாங்க, கிட்டத்தட்ட 70 ஏக்கர், அந்த மர நெழல்ல நடக்குறதுக்கே ஒரு நாள் போதாது. கரும்புத் துண்டு வாங்கி யானைக்கு நீட்டுனா தும்பிக்கையால கைய தடவிப் பாத்துட்டு எடுத்துக்கும், அந்த ஈர மூச்சு கையில படும் பாரு, அதுக்கு நீ முதல் தடவ கத்துன கத்துல உங்கம்மா பயந்து போயிட்டா. நீர்யானை வாயத் தொறந்தா நகர மாட்டே, தூக்கிட்டுத்தான் வரணும். ஞாயித்துக்கிழமைன்னா பாம்பு வித்தை வேற, என் வேட்டிய பிடிச்சுக்கிட்டு ஒரு கண்ணால பாப்பே.

உன்கிட்ட இது சொன்னேனான்னு ஞாபகம் இல்ல. 1964ல எனக்கு ஏழு வயசு. கடைகண்ணி எல்லாத்தையும் சர்க்கார் எடுத்துக்கிட்டு, 50 ரூவா 100 ரூவா நோட்டு செல்லாதுன்னு ஆகி, நம்ம ஆளுங்க கப்பல் கப்பலா மெட்ராசுக்கு கெளம்பிக்கிட்டு இருந்த வருஷம். (பர்மா காசு கியாட்ட எங்க வீட்டுல ரூவான்னுதான் சொல்லுவோம்.) என் அத்தை குடும்பமும் கெளம்புச்சு. கப்பலுக்கு முந்தின நாள் வீடே அழுதுக்கிட்டு இருக்கு, உங்க தாத்தா எங்களையும் அத்தை புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நேரா ஜூவுக்கு வந்துட்டாரு. மூட்டை கட்டுற நேரத்துல இது என்ன கூத்துன்னு பாட்டி திட்டுனாங்க. அன்னிக்கு அத்தை மகன், என் வயசுதான், தன் கையில இருந்த பன்ன பூரா யானைக்கு குடுத்துட்டு நாளைக்கு கப்பல்ல பசிக்குமேன்னு யாரோ சொன்னதும் அழ ஆரம்பிச்சான். இப்ப அவன் மெட்ராஸ்ல பேரன் பேத்தி எடுத்துட்டான், வருஷத்துக்கு ஒரு தடவ போன் பண்ணுவான், கடை எப்படி, தெரு எப்படின்னு எதையும் கேக்க மாட்டான், ஜூவுக்கு போனியாடான்னுதான் கேப்பான். போன மாசமும் கேட்டான்.

பக்கத்துலயே கண்டோஜி ஏரி. அது தானா வந்த ஏரி இல்லம்மா, வெள்ளக்காரன் ஊருக்கு நல்ல தண்ணி வேணும்னு இன்யா ஏரியிலருந்து கொழா போட்டு தண்ணி கொண்டாந்து நெரப்புனது. அதுல நிக்கிற கரவெய்க் மாளிகை 1972ல கட்ட ஆரம்பிச்சு 1974ல முடிச்சது, நான் அப்ப வாலிபப் பய, கூட்டாளிங்களோட கரையில நின்னு பாப்பேன். ராசா படகு மாதிரி ரெண்டு தங்கப் பறவை சுமக்குற மாதிரி இருக்கும், ஆனா அடியில கான்கிரீட், அசையாது. நாலு வயசுல நீ அது எப்பப்பா கெளம்பும்னு கேட்டே, நாளைக்குன்னு சொல்லிட்டேன், மறுநாள் விடியக்காலம் எழுப்பி விட்டே. சாயங்காலம் அந்தக் கரையில நின்னா ஷ்வேடகோன் பகோடா தண்ணியில தலகீழா மின்னும், அத பையன் பாக்கணும்.

மாசி பங்குனி பக்கம் வர முடிஞ்சா இன்னும் நல்லது, பகோடா திருவிழால ராட்டினம் காட்டலாம். மோட்டார் கெடையாது. பயலுங்க அஞ்சாறு பேரு கொரங்கு மாதிரி மேல ஏறி, உச்சியில ஒரு பக்கமா தொங்குவாங்க, அவங்க வெயிட்டுக்கே அது சுத்தும், வேகம் புடிச்சதும் குதிச்சிருவாங்க. பாக்கவே நெஞ்சு பதறும், பேரன நான் அதுல ஏத்த மாட்டேன், நீ பயப்படாத, கீழ நின்னு பாக்கட்டும்.

முடியலன்னா டிசம்பர்லயே வாங்க, அப்ப குளிர், நடக்க சொகம். என் மொழங்கால் இப்ப பரவால்ல, தெனம் காலையில அதுக்குன்னே தாம்வே மார்க்கெட் வரைக்கும் நடந்து பழகுறேன். அவனுக்கு நல்ல செருப்பு ஒண்ணு எடுத்துட்டு வா, வெளையாட்டு சாமான் ஒண்ணும் வேணாம். யானைகிட்ட ஒரு போட்டோ எடுத்து மெட்ராசுக்கு அனுப்பணும், அத்தை மகன்கிட்ட சொல்லிட்டேன். டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு.

அப்பா