மண்சட்டியில் நீ விட்டுப் போன செடி

திண்டுக்கல்,
ஐப்பசி 9.

அன்பு மகள் கவிதாவுக்கு,

சித்திரையில் வந்து நான்கு நாள் தங்கியபோது, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீ வைத்துவிட்டுப் போன விரிசல் விழுந்த மண்சட்டியில் இருப்பது இன்ன செடி என்று ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். தாவரவியலில் பதக்கம் வாங்கிய பிள்ளை ஒரு சீட்டிலாவது பெயரை எழுதிச் செருகியிருக்கலாம்.

அக்கினி நட்சத்திரம் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாமல் அது உயிரோடு நின்றது. நான்கு பட்டை இருந்ததால் முதலில் பிரண்டை என்றே நினைத்தேன். ஆனால் கணுவும் இல்லை, பற்றிப் படரும் சுருளும் இல்லை. சதுரக்கள்ளியாக இருக்கும், வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடுங்கள் என்றாள் உன் அம்மா. முள் இல்லையே என்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தேன். கள்ளியென்றால் வெள்ளைப் பால் வடிந்திருக்கும். இதில் தண்ணீர் போலத்தான் கசிந்தது. நீயும் பெயர் தெரியாத எதையும் வெறுங்கண்ணோடு கீறாதே, கள்ளிப்பால் கண்ணில் பட்டால் வினையாகிவிடும்.

ஆவணி மழைக்குப் பிறகு, மெலிந்த நுனியில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஐந்து இதழ் நட்சத்திரங்களாகக் கருஞ்சிவப்புப் பூக்கள் வந்தன. இதழோரத்து மயிர்கள் காற்றில்லாதபோதும் நடுங்கின, ஈக்கள் மொய்த்தன. இப்போது ஆட்டுக்கொம்பு போல இரட்டைக் காய் விட்டிருக்கிறது. எருக்கின் குடும்பம்தான் என்பதற்கு, வெடித்த காயிலிருந்து பஞ்சோடு பறந்த விதையே சாட்சி.

கீரைக்காரம்மா பார்த்த மாத்திரத்தில், "கள்ளிமுளையான், புளி வைத்துத் துவையல் அரைங்க" என்றார். அப்பத்தா கரட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்களே, அதேதான்! பத்து வயதுவரை அதைத் தின்று வளர்ந்த எனக்கு, துவையலைத் தெரிந்திருந்ததே தவிரச் செடியைத் தெரிந்திருக்கவில்லை. உன் பழைய பாடநூலில் காரலுமா என்ற இதன் தாவரவியல் பெயருக்குப் பக்கத்தில், 1795-இல் ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் கோரமண்டல் தாவரங்கள் நூலில் இதை விவரித்தார் என்றும், தெலுங்குப் பெயரிலிருந்தே இந்தப் பெயர் வந்தது என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறாய். எவ்வளவு அழகான கையெழுத்து! அந்தக் கையால் ஆறு மாதமாக இரண்டு வரி எழுத முடியவில்லையா?

அன்று மாலை இந்தச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, ஒரு விஷயம்" என்று நீ ஆரம்பித்தாய். தொட்டி நிரம்பி வழிந்ததால் மோட்டாரை நிறுத்தக் கீழே ஓடினேன். நிறுத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே வர அரை மணி நேரம் ஆக்கினேன். மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று நீ வாசலில் இறங்கியபோதே கேட்காதவன், அதைத்தான் சொல்லப்போகிறாய் என்று தெரிந்தே கீழே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது சட்டி மட்டும் இருந்தது.

இரண்டு துண்டு ஒடித்து நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். வெட்டுவாய் காய்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் நடு. தண்ணீர் ஊற்றியே அழுகவிட்டுவிடாதே. வாரம் ஒருமுறை போதும், மழைநாளில் அதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை உன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். துண்டுகளைப் பழைய வீட்டு முகவரிக்கே அனுப்பலாமா, வேறு முகவரி இருக்கிறதா என்பதை மட்டுமாவது எழுது.

மோட்டாருக்குத் தானாக நிற்கும் சுவிட்ச் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
அப்பா