லேடி டேயும் பிரெஸ்ஸும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. படிக்காதே, எழுதாதே என்று டாக்டர் கண்டிப்பு. இப்போது பரவாயில்லை. பேத்தி பிறந்த சேதி கேட்டு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

படுத்துக் கிடந்த நாட்களில் எனக்குத் துணை அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேதான். மகன் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் தொகுப்பைத் தேடி வாங்கித் தந்தான். 2001-இல் வந்தது, பத்து சிடி, 1933 முதல் 1944 வரை பாடியவை. உன் ஹாஸ்டல் அறையில் நாடா தேயத் தேயக் கேட்டோமே, அதே பாட்டுகள். அன்று நம் காதில் விழுந்தது பாதிகூட இல்லையடா.

1937 ஜனவரி 25. பியானோக் கலைஞர் டெடி வில்சனின் குழுவில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் பில்லியோடு முதன்முதலாகச் சேர்ந்து பதிவு செய்த நாள். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அதில் ஒரு பாட்டை லெஸ்டரின் சாக்ஸபோன்தான் தொடங்குகிறது. அவர் முழுசாக வாசித்து முடித்த பிறகே பில்லி வாய் திறக்கிறார். அப்போது வயது இருபத்தொன்று. தாளம் விழுந்துவிடும், சொல் வராது. விட்டுவிட்டாரோ என்று நினைக்கும்போது மெல்ல வந்து உட்காரும். வரி முடிவதற்குள் கணக்கு நேராகிவிடும். இந்த முறை, சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

அதற்காகவே இதைச் சொல்கிறேன். முன்பு வேறொரு நிறுவனத்தின் மறுவெளியீடு வாங்கினேன். இரைச்சல் துளியும் இல்லை. பாட்டிலும் உயிர் இல்லை. பழைய தட்டின் இரைச்சலும் பாடுபவரின் மூச்சும் 'ஸ', 'ஷ' ஒலிகளும் ஒரே மேல் அலைவரிசையில் கலந்து கிடக்கின்றன. ஒன்றை வழித்தெடுத்தால் மற்றதும் போய்விடும். கொஞ்சம் கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும், மூச்சு வேண்டும் எனக்கு.

1958-இன் 'லேடி இன் சாட்டின்' தட்டைக் கேட்கவே முடியவில்லை, குரல் உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உடைந்ததுதான். ஆனால் சொல்லைத் தாமதித்து வைக்கும் அந்தக் கை அப்படியே இருக்கிறது. ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை கேள்.

1957 டிசம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பில்லியும் லெஸ்டரும் வந்த நிகழ்ச்சியையும் பார். 'லேடி டே' என்று பில்லிக்குப் பெயர் வைத்தவர் லெஸ்டர். 'பிரெசிடென்ட்' என்பதைச் சுருக்கி 'பிரெஸ்' என்று லெஸ்டரை அழைத்தவர் பில்லி. லெஸ்டர் எழுந்து நின்று மிகச் சில சுரங்களை மட்டும் வாசிக்கிறார். பில்லி அவரையே பார்த்தபடி தலையை மெதுவாக ஆட்டுகிறார். அந்த முகத்தை எத்தனை முறை பார்த்தேனோ, கணக்கில்லை. 1959 மார்ச்சில் லெஸ்டர் போனார். ஜூலையில் பில்லி, நாற்பத்து நான்கு வயதில்.

தை மாதம் வருகிறாய் அல்லவா, இரண்டு நாள் கூடுதலாகத் தங்கு. அந்தப் பழைய கேசட் இன்னும் இருந்தால் எடுத்து வா. இரண்டையும் வைத்துக் கேட்போம்.

அன்புடன்,
ராஜா