சனி வக்ரம்னு போடுறீங்க, அது என்னன்னு ஒரு வரி போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல ஓ.எல் புள்ளைங்களுக்கு சயன்ஸ் டியூஷன் சொல்லிக்குடுக்குறேன். எங்க லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீடுங்கள்ல, உங்க பேப்பர் ஒண்ணுதான் வாங்குறோம், அது நாலு வீடு சுத்திட்டுதான் என் கைக்கு வரும், எல்லாரும் மொதல்ல பாக்குறது ராசிபலன்தான். போன மாசம் ஒரு புள்ள அந்த பக்கத்த மடிச்சு எடுத்துட்டு வந்து, "டீச்சர், சனி வக்ரம்னு போட்டிருக்கே, சனி நெசமாவே திரும்பி போவுதா"னு கேட்டா. இதே கேள்விய நானும் அவ வயசுல ஸ்கூல்ல கேட்டேன், பரீட்சைக்கு வராது உக்காருனு சொல்லிட்டாங்க. அது இன்னும் மனசுல கெடக்கு. அதனாலதான் இந்த லெட்டர்.

அந்த புள்ளைக்கு நான் வாயால ஒண்ணும் சொல்லல, மலைக்கு கூட்டிட்டு போனேன். எங்க தோட்டத்துல ஒரு உருண்ட மலை இருக்கு, அத சுத்தி மேல ஒரு ஒத்தையடிப்பாத, பணிய ஒரு ரோட்டு. ஒருத்திய செவப்பு சுவெட்டர் போட்டு பணிய ரோட்டுல மெதுவா நடக்க சொன்னேன், கேள்வி கேட்டவள மேல் பாதையில அதே பக்கமா வேகமா நடக்க சொன்னேன், செவப்பு சுவெட்டர் எதிர் மலையில எந்த சவுக்கு மரத்துக்கு நேரா தெரியுதுனு சத்தமா சொல்லிக்கிட்டே வரணும். மொதல்ல சுவெட்டர் ஒவ்வொரு மரமா முன்னால போச்சு, மேல இருந்தவ கிட்ட வந்து தாண்டுற நேரம் "டீச்சர் அவ பின்னால வர்றா, விட்ட மரத்துக்கே திரும்பி வர்றா"னு கத்துனா, நல்லா தாண்டி போனதுக்கு அப்புறம் மறுபடி முன்னால போச்சு. பணிய நடந்தவ ஒரு அடி கூட பின்னால வைக்கல. நடுவுல இருக்குற மலைய சூரியன்னு வச்சுக்குங்க, மேல் பாத பூமி, பணிய ரோட்டு செவ்வாயோ குருவோ சனியோ. வக்ரம் அவ்வளவுதான். உள்ள சுத்துற நாம வெளிய சுத்துறத தாண்டி போறோம்.

இத மொதல்ல கணக்கோட புத்தகமா எழுதி குடுத்தவரு போலந்துல சர்ச் வேல பாத்த கோப்பர்நிக்கஸ். புத்தகம் அச்சாகி வந்தது 1543, அதே வருசம் அவரு செத்துட்டாரு. அதுக்கு முன்னால ஒரு 1400 வருசமா அலெக்சாந்திரியாவுல இருந்த தொலமியோட கணக்குதான் ஓடுச்சு, பூமி நடுவுல நிக்கும், கிரகம் ஒரு சின்ன வட்டத்துல சுத்தும், அந்த சின்ன வட்டம் பெரிய வட்டத்துல சுத்தும், அந்த சின்ன வட்டத்தாலதான் வக்ரம் வருதுனு. நம்ம புத்தகங்கள்ல தொலமிய ஏதோ ஒண்ணும் தெரியாத ஆள் மாதிரி ரெண்டு வரியில தள்ளிட்டு போறாங்க, எனக்கு அது புடிக்கல. கண்ணால மட்டும் பாத்து, எந்த கிரகம் என்னைக்கு எங்க நிக்கும்னு ஓரளவு சரியா சொன்ன கணக்கு அது.

இன்னொண்ணும் புள்ளைங்களுக்கு சொல்றதில்ல. கோப்பர்நிக்கஸ் சூரியன நடுவுல வச்சதும் எல்லாம் டக்குனு சரியாயிடல. அவரும் வட்டத்த விடல, அதனால சின்ன சின்ன வட்டங்கள அவரும் வச்சுத்தான் கணக்கு போட்டாரு, கிரகம் நிக்கிற எடத்த சொல்றதுல தொலமிய விட பெருசா ஒண்ணும் முன்னேறல. அவருகிட்ட இருந்த பலம் வேற, வக்ரத்துக்குனு தனியா எதையும் ஒட்ட வைக்க வேண்டியதில்ல, அது தானா வந்து விழுது, எந்த கிரகம் சூரியனுக்கு எவ்வளவு தூரம்னு வரிசையும் தானா கெடைக்குது. அத பாத்து சில பேரு நம்புனாங்க, பல பேரு நம்பல. நம்பாதவங்க எல்லாரும் மூடனும் இல்ல. டென்மார்க்குல வானத்த அளந்துக்கிட்டிருந்த டைக்கோ பிராகே கேட்டத பாருங்க, பூமி நகருதுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நட்சத்திரங்க கொஞ்சம் எடம் மாறி தெரியணுமே, ஏன் தெரியல? ரொம்ப ஞாயமான கேள்வி. அந்த மாற்றத்த 1838லதான் பெஸ்ஸல்னு ஒரு ஜெர்மன்காரரு அளந்தாரு, ஒரு பாகைய 3600 கூறா போட்டா அதுல ஒரு கூறுல மூணுல ஒரு பங்குதான், டைக்கோ கண்ணுக்கு எப்படி தெரியும்?

எனக்கு இந்த கதையில ரொம்ப புடிச்ச எடம் கெப்லர்னு ஒரு ஜெர்மன் கணக்குக்காரரு. டைக்கோ தூரதரிசினி வர்றதுக்கு முன்னாலயே பெரிய பெரிய கருவி செஞ்சு வருசக்கணக்கா செவ்வாய் நிக்கிற எடத்த அளந்து எழுதி வச்சிருந்தாரு, 1601ல அவரு செத்ததும் அந்த கணக்கு கெப்லர் கைக்கு வந்துச்சு. கெப்லர் வட்டத்த வச்சே போட்டு போட்டு பாத்து கடைசியில ஒரு கணக்க கொண்டு வந்தாரு, அதுல வந்த எடத்துக்கும் டைக்கோ அளந்த எடத்துக்கும் வித்தியாசம் 8 கலை. 60 கலை சேந்தா ஒரு பாகை. முழு நிலாவோட அகலம் ஏறக்குறைய 30 கலை, அப்ப 8 கலைன்னா நிலாவுல ஒரு கால்வாசி. வேற யாராவதா இருந்தா அளந்தவன் கை நடுங்கியிருக்கும்னு விட்டுட்டு போயிருப்பாங்க. டைக்கோ அளந்தது அவ்வளவு தப்பா இருக்காதுனு கெப்லர் நம்புனாரு, அத்தன வருசம் பாடுபட்ட கணக்க தூக்கி போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. 1609ல செவ்வாய் போற பாத வட்டம் இல்ல, நீள்வட்டம்னு புத்தகம் போட்டாரு, வானசாஸ்திரம் முழுசா மாறுனதுக்கு வழி காட்டுனதே அந்த 8 கலைதான்னு அவரே அதுல எழுதியிருக்காரு. சின்ன வட்டம் எல்லாம் அதோட போச்சு. இதே மனுசன்தான் பின்னாடி, சூனியக்காரினு புடிச்சு உள்ள போட்ட தன் அம்மாவுக்காக வழக்குல நின்னு வாதாடி வெளிய கொண்டு வந்தாரு.

கலிலியோ கதை எல்லாருக்கும் தெரியும். 1610 ஜனவரி 7ம் தேதி வியாழனுக்கு பக்கத்துல மூணு புள்ளிய பாத்தாரு, சில நாள்ல நாலாவதும் தெரிஞ்சுச்சு, நாலும் வியாழனத்தான் சுத்துது, அப்ப எல்லாமே பூமியத்தான் சுத்தணும்னு இல்ல. இத நாங்களும் பாத்தோம். தை மாசம் எங்க பக்கம் கொழுந்து கருகுற மாதிரி பனி விழும், அந்த ராத்திரிகள்ல வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். இரவல் வாங்குன ஒரு பைனாகுலர இஸ்தோப்பு செவத்து மேல ஆடாம வச்சு, கம்பளிய போத்திக்கிட்டு நாலு ராத்திரி பாத்து கொப்பியில புள்ளி வச்சோம். மொத நாள் ஒரு பக்கம் மூணு, மறு பக்கம் ஒண்ணு. அடுத்த நாள் ரெண்டும் ரெண்டும். மூணாவது நாள் மூணுதான் தெரிஞ்சுச்சு, ஒண்ணு எங்க போச்சுனு புள்ளைங்க அடிச்சுக்கிட்டதுல அம்மாமாரும் எந்திரிச்சு வந்துட்டாங்க. விடிஞ்சா வேலைக்கு பேர் குடுக்க பெரட்டுக்கு போகணும், இருந்தும் ஒவ்வொருத்தரா வரிசையில நின்னு பாத்தாங்க.

கோயில்ல நவக்கிரகத்துக்கு நடுவுல சூரியன்தானே இருக்காரு, நம்ம ஆளுங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்கனு சில பேரு சொல்றாங்க. அது சரி வராது, அந்த ஒம்போதுல நிலாவும் ராகு கேதுவும் சேந்துதான் இருக்கு, பூமி அதுல இல்லவே இல்ல. பெருமப்பட உண்மையானது வேற இருக்கு. 499லயே ஆரியபட்டர் பூமி தன்னத்தானே சுத்துதுனு எழுதுனாரு, படகுல போறவனுக்கு கர பின்னால போற மாதிரி தெரியுதே, அது மாதிரிதான் நிக்கிற நட்சத்திரங்க லங்கையில இருக்கறவனுக்கு நேரா மேற்கால போற மாதிரி தெரியுதுனு. அவரு சொன்ன லங்கை பூமத்திய ரேகையில கணக்குக்கு வச்ச ஒரு புள்ளி, நம்ம நாடு அதுக்கு கொஞ்சம் வடக்கால. இருந்தாலும் அந்த பேர பாத்ததும் புள்ளைங்க முகத்த நீங்க பாக்கணும். படகு தெரியாட்டி என்ன, நானுஓயா ஸ்டேஷன்ல பக்கத்து ரயில் நகரும்போது நம்ம ரயில்தான் கெளம்பிடுச்சுனு நெனக்காத ஆள் மலையகத்துல யாரு? கேரளாவுல நீலகண்ட சோமயாஜி 1500 வாக்குல, அஞ்சு கிரகமும் சூரியன சுத்துது, சூரியன் பூமிய சுத்துதுனு கணக்கு போட்டாரு, கிட்டத்தட்ட அதே மாதிரிதான் பல வருசம் கழிச்சு டைக்கோவும் சொன்னாரு. இது எல்லாம் எங்க புள்ளைங்க கையில இருக்குற புத்தகத்துல இல்ல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல ஐயா. ராசிபலன நிறுத்த சொல்லல, அத படிச்சு மனசு ஆறுறவங்க எங்க லயத்துல நெறைய பேரு இருக்காங்க. வக்ரம்னு போடுற வாரம், அதுக்கு கீழ நாலு வரி எடம் விட்டு, இப்ப பூமி சனிய தாண்டி போவுது, சாயங்காலம் எந்த பக்கம் எத்தன மணிக்கு பாத்தா தெரியும்னு ஒரு சின்ன படத்தோட போடுங்க. பெரிய போன் இல்லாத வீட்டுக்கும் உங்க பேப்பர் வந்துடுது. மாணவர் பக்கத்துல கோப்பர்நிக்கஸ் பத்தி அடுத்து எழுதுறப்போ அந்த 8 கலையயும் சேத்துக்குங்க. எழுதி குடுக்க ஆள் இல்லைன்னா சொல்லுங்க, நானே எழுதி அனுப்புறேன், படத்த அந்த புள்ள வரைஞ்சு குடுப்பா.

இப்படிக்கு,
டியூஷன் டீச்சர் ஒருத்தி,
ஹட்டன்.