என்றைக்கு என்று ஜி.பி.எஸ். சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள்களைக் கொண்டு, பூமியின் மேலோட்டின் பெரும் துண்டுகளான நிலத்தட்டுகளின் நகர்வை அளப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் 'நிலநடுக்கத்தை முன்பே சொல்லிவிடும் ஜி.பி.எஸ்.' என்று தலைப்பு வைத்தது யார்? கட்டுரைக்குள் அப்படி ஒரு வரிகூட இல்லை. நில அளவைக் கருவிகளோடு பல காலம் மல்லுக்கட்டியவன் நான். தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரை வேகமாகத் தாண்டிப்போன இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் கைபேசி நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிசகோடுதான் காட்டுகிறது. அதே செயற்கைக்கோள்களை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள் என்றால் வாசகருக்குச் சந்தேகம் வராதா? 'நவீனக் கருவிகள்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞையில் ஏற்றப்பட்டிருக்கும் நேரக் குறியீட்டைத்தான் கைபேசி படிக்கிறது. ஆய்வு நிலையத்து ரிசீவர் அதோடு நிற்காமல், குறியீட்டைச் சுமந்துவரும் அலையையே அளக்கிறது. அந்த அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கைப் பிரித்தறிந்தால் 2 மில்லிமீட்டர் கைக்கு வந்துவிடும்.

அப்புறம்தான் வேலையே. மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலம் அலையின் பயணத்தைக் குலைக்கும். எவ்வளவு என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பதால், இரண்டு அதிர்வெண்களில் அளந்து அதைக் கழித்துவிடலாம். காற்றிலுள்ள ஈரப்பதம் அவ்வளவு சுலபத்தில் விடாது. உயரக் கணக்கு கிடைமட்டக் கணக்கைவிட எப்போதும் மோசமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆன்டெனாவைப் பாறையில் ஊன்றிய தூணில் பொருத்தி, வருடக்கணக்கில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கு மண் இளகித் தூண் சாய்ந்தால், கண்டமே நகர்ந்துவிட்டதாகக் கணக்கு வரும்.

ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெகனர் இந்த அளவை விஷயத்தில்தான் வழுக்கினார். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன அவர், அதை அளந்தே காட்டிவிட நினைத்தார். கிரீன்லாந்தில் வெவ்வேறு காலங்களில் கணித்த தீர்க்கரேகைகளை ஒப்பிட்டு, அது ஐரோப்பாவை விட்டு ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுவதாக நம்பினார். உண்மையான வேகம் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். அவர் சொன்ன கருத்து சரி, அன்றைய கருவிகளுக்குத்தான் அது எட்டவில்லை.

இன்றைய நிலையம் ஒன்றின் வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும். நாளுக்கு ஒரு புள்ளி. சேர்ந்து பார்த்தால் சாய்வாக ஏறும் ஒரு கோடு. அந்தச் சாய்வுதான் தட்டின் வேகம். கோட்டின் மேல் ஆண்டுக்கு ஒரு தரம் வந்துபோகும் மெல்லிய நெளிவு இருக்கும். மழை நீரும் பனியும் சேர்ந்து நிலத்தை அமுக்கி, வடிந்ததும் விடுவிப்பதால் வருவது அது. திடீரென ஓரிடத்தில் கோடு முறிந்து படி போல எகிறியிருந்தால், அன்றைக்கு நிலம் நடுங்கியிருக்கிறது. அதன்பின் கோடு பழைய சாய்வுக்கு உடனே திரும்பாது. பல ஆண்டுகள் வளைந்து வளைந்துதான் திரும்பும்.

இதில் ஆபத்தைக் கணிக்க உதவுவது சாய்வுதான். நிலம் உடைந்து ஒன்றையொன்று உரசி நகரும் பிளவின் இரு பக்கமும் நிலையங்களை வரிசையாக வைத்தால், இரு பக்கமும் தடையில்லாமல் வழுக்குகின்றனவா, இல்லை பூட்டிக்கொண்டு நிலம் வளைகிறதா என்று தெரிந்துவிடும். நேபாளத்தில் இமயமலைக்குக் குறுக்கே ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் இப்படி அமுங்கிச் சேர்கிறது. நூறு ஆண்டில் 2 மீட்டர். 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கத்தில் அதில் ஒரு பகுதி விடுபட்டபோது, காத்மாண்டு பகுதி ஒன்றரை மீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அந்தப் பிளவு மலையடிவாரத்தில் தரைமட்டம் வரை கிழியவில்லை. மேற்கு நேபாளம் அசையவே இல்லை. அங்கெல்லாம் சேர்ந்த இறுக்கம் அப்படியே இருக்கிறது.

கரீபியன் நாடான ஹெய்ட்டியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லாதது எனக்குப் பெரிய குறை. எரிக் கலே உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே ஜி.பி.எஸ். வைத்து அளந்தார்கள். தெற்கே ஓடும் என்ரிக்கியோ பிளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் சேர்கிறது, 1770-க்குப் பிறகு பெரிதாக எதுவும் விடுபடவில்லை, சேர்ந்தது முழுவதும் ஒரே முறையில் விடுபட்டால் 7.2 அளவு நிலநடுக்கம் வரலாம் என்று 2008-இல் சொன்னார்கள். அரசுக்கும் தெரிவித்தார்கள். 2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவில் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இடிந்து விழுந்த கான்கிரீட்டின் கீழ். அன்று வழுக்கியது பெரும்பாலும் அந்தப் பிளவே இல்லை, பக்கத்தில் வரைபடத்திலேயே இல்லாத இன்னொன்று என்று பின்னால் தெரியவந்தது. ஆக, ஜி.பி.எஸ். இடத்தை ஏறத்தாழச் சொன்னது, அளவையும் ஏறத்தாழச் சொன்னது. நாளைச் சொல்லவில்லை. நாள் தெரியாமலே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது, கட்டடங்களைப் பலப்படுத்துவது. அதற்கு இரண்டு ஆண்டு போதாது என்பது வேறு விஷயம்.

நாளைச் சொல்ல முயன்றவர்களும் இருக்கிறார்கள். பெரிய நிலநடுக்கங்களுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பிளவு மெல்ல வழுக்கத் தொடங்குவது ஜி.பி.எஸ். தரவில் தெரிகிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. 90 நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. நிலையங்களுக்குப் பொதுவாக இருக்கும் இரைச்சலைக் கழித்தால் அந்த அடையாளமே மறைந்துவிடுகிறது என்று வேறு ஆய்வாளர்கள் சீக்கிரமே காட்டினார்கள். உங்கள் தலைப்புக்கு மூலம் இதுவாக இருந்தால், பாதிக் கதையைத்தான் போட்டிருக்கிறீர்கள்.

ஆனால் நடுக்கம் தொடங்கிய பிறகு இந்த நிலையங்கள் செய்யக்கூடியதைக் கட்டுரை குறைத்தே சொல்லியிருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்க அளவு பற்றி மூன்று நிமிடத்தில் வந்த முதல் மதிப்பீடு 7.9. கடைசியில் அது 9.0 ஆனது. வெளிப்பட்ட ஆற்றலில் கணக்குப் போட்டால் சுமார் 45 மடங்கு வித்தியாசம். முதல் சுனாமி எச்சரிக்கை அலையின் உயரத்தைக் குறைத்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அதிர்வை அளக்கும் கருவி அவ்வளவு பெரிய நடுக்கத்தில் தடுமாறிவிடும். ஜி.பி.எஸ். நிலையம் நிலம் எவ்வளவு தூரம் போனது என்பதையே நேராகச் சொல்கிறது. வடகிழக்கு ஜப்பானின் ஒஷிகா தீபகற்பத்தில் அது 5.3 மீட்டர். தரவு ஜப்பானிடம் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. அதை உடனுக்குடன் எச்சரிக்கையோடு இணைக்கும் ஏற்பாடுதான் அன்று இல்லை. அதன்பிறகே செய்தார்கள்.

இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் படத்தை விட்டுவிட்டு, உண்மையான நிலையம் ஒன்றின் வரைபடத்தை அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்துப் புவியளவை ஆய்வகம் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நிலையங்களின் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்