நவம்பர் 25

அன்புள்ள மச்சான்,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய். நிம்மதி. டொராண்டோவில் பனி கொட்ட ஆரம்பிப்பதற்குள் நன்றாக நடந்து பழகிக்கொள். இங்கே மழையும் மெட்ரோ வேலையும் சேர்ந்து ஆற்காடு சாலையை ஒரு வழி பண்ணிவிட்டன. பேரன் இந்த வருடம் பிளஸ் டூ. என்.சி.சி.யில் இருக்கிறான், ராணுவ அதிகாரியாகத்தான் போவேன் என்கிறான். அவன் அம்மாவுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை.

சாலிகிராமத்தில் ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்பு ஒன்று உண்டு, பரமேஸ்வரன் விகார். கூரியர்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் அது ஒரு முகவரி, அவ்வளவுதான். "சிவன் பேரா தாத்தா?" என்று பையன் கேட்டான். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே உன் ஞாபகம் வந்துவிட்டது. நாம் ஒரு நாளும் இவரைப் பற்றிப் பேசியதில்லை, இல்லையா?

பம்பாய்த் தமிழர். 1946-இல் பிறந்தவர். எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தார். பிறகு நம் சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து 1972 ஜூனில் மகர் ரெஜிமெண்டில் அதிகாரியானார். வெகுகாலம் மிசோரம், திரிபுரா பக்கம் காட்டுப் பணி. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்திய அமைதிப்படை இலங்கையில் வந்து இறங்கியதே, அதில் 8-ஆவது மகர் பட்டாலியனோடு அவரும் வந்தார். அமைதி காக்க வந்த படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை போடும் படையாகிவிட்டது. அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 25. கந்தரோடை. உங்கள் சுன்னாகத்துக்குப் பக்கம்தானே? ஆயுதங்கள் வந்து இறங்கியதாகத் தகவல் கிடைத்துத் தேடப் போன குழு, வேலை முடிந்து திரும்பும்போது பதுங்கியிருந்த புலிகளின் தாக்குதலில் மாட்டிக்கொண்டது. அப்படி மாட்டினால் விழுந்து படுத்து எதிர்த்துச் சுடத்தான் யாருக்கும் கை போகும். இவர் சுற்றிப்போய் அவர்களுக்குப் பின்புறத்திலிருந்து பாய்ந்தார். கைகலப்பு. ஒருவன் நெஞ்சில் சுட்டான். சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். நெஞ்சில் குண்டோடு, மூச்சு நிற்கும்வரை ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. எதிர்த்தரப்பில் ஐந்து பேர் செத்தார்கள். அவருக்கு வயது 41. போர்க்கள வீரத்துக்கு நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. இதுவரை 21 பேருக்குத்தான் அது கிடைத்திருக்கிறது. இலங்கையில் நடந்த சண்டைக்காகக் கிடைத்தது இவர் ஒருவருக்கு மட்டும்.

பையன் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "அவரும் தமிழர், சுட்டவரும் தமிழரா?" ஆமாம் என்றேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்னால்தான், தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்து சுட்டது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று எத்தனை பேர். அந்தச் சமயத்தில் உன் அம்மா ஷெல்லுக்குப் பயந்து கோயிலில் தங்கியிருந்ததை நீ ஹாஸ்டலில் சொல்லி அழுதது எனக்கு மறக்கவில்லை. நவம்பர் 27, இறந்த புலிகளை நினைக்கும் மாவீரர் நாளன்று நீ விளக்கேற்றுகிறவன். அதற்கு இரண்டு நாள் முன்னால் வரும் இந்தத் தேதியைப் பற்றி உனக்கு எழுதுவதற்குத் தயக்கம் இருக்காதா?

ஆனாலும் எழுதுகிறேன். படையை அனுப்பியது சரியா என்று கேட்டால் தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய ஆட்கள் டெல்லியில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் இல்லையே. ஏறக்குறைய 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள். தோற்ற சண்டை, அதுவும் வெட்கப்பட வேண்டிய சண்டை என்பதால் அதில் செத்தவர்களையும் சேர்த்தே மூடி வைத்துவிட்டோம். கார்கிலில் இறந்தவர் பெயர் சொன்னால் ஊரே எழுந்து நிற்கும். பரமேஸ்வரன் என்றால் எந்தப் பரமேஸ்வரன் என்கிறார்கள். 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தில் அணிவகுப்பு மைதானத்துக்கும் அவர் பெயர்தான். பையன் நினைப்பது நடந்தால் அந்த மைதானத்தில்தான் ஒரு நாள் அவனும் நடப்பான்.

அதனால்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மேஜரின் துணிச்சலை நான் அவனுக்குச் சொல்லிவிட்டேன். அந்த மாதங்களில் அந்தப் பக்கம் வீட்டுக்குள் இருந்தவர்களின் கதையை என் வாயால் சொன்னால் பத்திரிகைச் செய்தி மாதிரி ஆகிவிடும். நீ சொல்லு. உன் அம்மா சொன்னதை அப்படியே சொல்லு, எதையும் மழுப்பாதே. சீருடை போடப்போகிறவனுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலமாக இருக்கும்போது கூப்பிடு, வீட்டில்தான் இருப்பான். அதற்கு முன்னால் என்னைத் திட்ட வேண்டுமானால் சனிக்கிழமையே கூப்பிட்டுத் திட்டிவிடு.

உன் பழைய ரூம்மேட்