எங்கள் துண்டுச்சோலையை மீட்டுத் தந்தவர்களுக்கு

நாற்றங்கால் அக்காமார்களுக்கும், மரங்களை அடையாளம் காட்டிய காடர் பழங்குடிப் பெரியவர்களுக்கும், இயற்கைப் பாதுகாப்புக் கழகத் தோழர்களுக்கும், இடம் விட்டுக்கொடுத்த தோட்டங்களுக்கும், சோலையை ஒட்டிய லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், வாழும் என் சனங்களுக்கும் வணக்கம்.

என் அம்மா கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும்போது இந்தச் சோலையில்தான் விறகு பொறுக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒரு கட்டு சுமப்பேன். அன்றைக்கு அது பெயருக்குத்தான் சோலை. நாலைந்து பெரிய மரங்கள், மீதி முழுக்க உண்ணிச்செடிக் களைப்புதர். அண்ணாந்து பார்த்தால் வானம் வெட்டவெளியாகத் தெரியும். சுமார் 220 சதுர கிலோமீட்டர் வால்பாறைப் பீடபூமியில், 1890களில் தொடங்கிக் காப்பிக்கும் தேயிலைக்குமாகக் காட்டை வெட்டிக்கொண்டே போனபோது தப்பிப் பிழைத்த துணுக்கு அது.

சென்ற வாரம் ஊருக்கு வந்தவன், அதிகாலையில் நாற்றங்கால் அக்கா ஒருவரோடு உள்ளே போனேன். அட்டைகள் காலைவிட்டு இறங்கவே இல்லை. தலைக்கு மேல் புஸ்புஸ்ஸென்று காற்றைக் கிழிக்கும் சத்தம்; மலை இருவாச்சிப் பறவை ஒன்று அத்தி மரத்தில் வந்து அமர்ந்தது. மரத்தடியில், சருகை விலக்கிக்கொண்டு ஒரு கருங்குங்கிலிய மரக்கன்று நின்றது. சாண் உயரம்கூட இல்லை, தளிர் செக்கச்சிவப்பு. அக்கா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நாங்கள் வைத்ததில்லை, தம்பி. பறவை போட்டது." என் கண் கலங்கிவிட்டது.

அக்காமார்களே, அந்தப் பறவை இறங்க ஒரு மரம் நிற்பது உங்கள் கையால்தான். சாலையோரம் விழுந்த விதைகளைப் பொறுக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட வகை நாற்றுகளைப் பையில் வளர்த்தீர்கள். உண்ணிச்செடியை வெட்டும்போது, அதற்குள் ஒளிந்திருந்த சோலைக் கன்று ஒன்றுகூட அரிவாளில் படாமல் காத்தீர்கள். தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டே நட்டீர்கள். அதன்பின் இரண்டு மூன்று வருடம் களையெடுத்தீர்கள். தேயிலைக்கு நிழல் தரும் வெளிநாட்டு மரமான சில்வர் ஓக்கை வரிசையாக நட்டுவிட்டுப் போயிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். பச்சையாகவும் தெரிந்திருக்கும், ஆனால் அது காடாகியிருக்காது.

புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் என்னும் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியவர்களுக்கும், மழையிலும் வெயிலிலும் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலர்களுக்கும், கைகாட்டியதும் வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநர்களுக்கும் நன்றி. யானை வந்திருக்கிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தால், எவ்வளவு களைப்பிலும் முணுமுணுக்காமல் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கும்தான்.

லைன் வீட்டு அத்தைமார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நட்டவர்களின் பாடு எல்லோருக்கும் தெரிகிறது. விறகுக்குப் போவதை நிறுத்தியவர்களின் பாட்டை யாரும் எழுதுவதில்லை. நாம் தலைமுறையாக நடந்த ஒற்றையடிப் பாதையை நீங்கள் விட்டுவிட்டீர்கள். சென்ற வாரம் தேடிப் பார்த்தேன், அதன் மேல் காட்டு ஏலக்காய் மண்டிக் கிடக்கிறது. அம்மா இருந்திருந்தால் கூட்டிவந்து காட்டியிருப்பேன்.

வருகிற ஜூனில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். குழி தோண்ட எனக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
லைன் வீட்டில் வளர்ந்த உங்கள் பிள்ளை